கேஷைக் காலி பண்ண ஏன் இந்த பயம்?

கேஷ்னு பாத்துட்டு காசுன்னு நினைச்சு உள்ள வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க மக்களே. இது வேற கேஷ். ஸ்க்விட், வார்னிஷ், என்ஜின்எக்ஸ் மாதிரி சர்வர் பொட்டிக்குள்ள உக்காந்துகிட்டு, அடிக்கடி கேக்கப்படுற பக்கத்தையும் படத்தையும் எடுத்து வச்சு உடனே குடுக்கிற சமாச்சாரம். சர்வர் பக்கமே போகாதவங்களுக்காக: மளிகைக்கடை அண்ணாச்சி தினமும் விக்கிற சர்க்கரையையும் பருப்பையும் கைக்கு எட்டுற தூரத்துல பொட்டலம் போட்டு வச்சிருப்பார் இல்லையா, அதுதான் கேஷ். பின்னாடி இருக்கிற குடோன்தான் அசல் சர்வர்.

இதை நிறுவுறது, புது வெர்ஷனுக்கு மாத்துறது பத்தி எனக்கு ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் பிடிவாதமான கருத்துதான். அண்ணாச்சியோட பொட்டலமெல்லாம் ஒரு நாள் காலியாயிட்டா கடையையே மூடணும்ங்கிற நிலைமை வந்தா, தப்பு பொட்டலத்துல இல்ல. அதே மாதிரி, எந்த கேஷை உங்களால தைரியமா காலி பண்ண முடியலையோ, அது கேஷே இல்ல. அது உங்களுக்கே தெரியாம உங்க அசல் சர்வர் ஆயிடுச்சு. அதை அப்கிரேட் பண்ண பயமா இருக்குன்னா, அந்தப் பயத்துக்குக் காரணம் புது வெர்ஷன் இல்ல.

இதை எதுக்கு சொல்றேன்னா, நான் பாத்த பல இடங்கள்ல பாதுகாக்க வேண்டியதை விட்டுட்டு வேண்டாததைப் பாதுகாக்கிறாங்க. ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) கேஷ் டிஸ்க்குக்கு ரெய்டு 5 போட்டு, அதுக்கு மேல வாராவாரம் டேப் பேக்கப் வேற எடுத்துகிட்டிருந்தாங்க. ஆனா ஸ்க்விட்டோட கான்ஃபிக் ஃபைல் ஒரே ஒரு பிரதிதான், அதுவும் அந்தப் பொட்டிக்குள்ளயே. அதுல யார் எந்த வரியை எப்ப எதுக்கு சேத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. டிஸ்க்குல இருக்கிற ஜிஃப் படமும் ஜாவாஸ்க்ரிப்ட்டும் தொலைஞ்சா திரும்ப இழுத்துக்கலாம். நாலு வருஷமா ஒட்டுப் போட்டு வந்த அந்த ஃபைல் தொலைஞ்சா?

ரெய்டு பத்தி ஸ்க்விட் ஆளுங்களே ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க, வேண்டாம்னு. காரணம் எளிமையானது. கேஷ்ங்கிறது சின்னச் சின்ன ஃபைலா ஓயாம எழுதுற வேலை. ரெய்டு 5-ல ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் பேரிட்டியையும் திருப்பி எழுதணும். ஒரு வேலைக்கு நாலு வேலை. அதுக்கு பதிலா நாலு டிஸ்க் இருந்தா நாலையும் தனித்தனியா, டிஸ்க்குக்கு ஒரு கேஷ் டைரக்டரியா குடுத்துடுங்க. ஒண்ணு செத்தா அந்தக் கால்வாசி போகும், போகட்டுமே. மவுன்ட் பண்ணும்போது நோஏடைம் போட மறக்காதீங்க. இல்லைன்னா ஃபைலைப் படிக்கும்போது அப்பப்ப "இப்பதான் படிச்சேன்"னு டிஸ்க்ல ஒரு குறிப்பு எழுதிட்டு இருக்கும்.

அடுத்தது ராம். இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. டிஸ்க் மலிவா கிடைக்குதுன்னு 2 டெராபைட் வாங்கி மாட்டிட்டு, முழுசையும் ஸ்க்விட்டுக்கு எழுதி வச்சிடுவாங்க. ஆனா டிஸ்க்ல இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இன்டெக்ஸ் ராமுக்குள்ள இருக்கணும். ஸ்க்விட் ஆவணங்கள் சொல்ற கணக்கு: 1 ஜிபி டிஸ்க் கேஷுக்கு சுமார் 10 எம்பி ராம், 64 பிட் பொட்டின்னா 14 எம்பி. பெருக்கிப் பாருங்க, 2 டெராவுக்கு சுமார் 28 ஜிபி ராம் இன்டெக்ஸுக்கு மட்டுமே போயிடும். 16 ஜிபி பொட்டியில இதைப் போட்டா, டிஸ்க் நிறைய நிறைய ஸ்வாப்புக்குள்ள இறங்கும். முதல் மாசம் பறக்கும். மூணாவது மாசம் நகராது. "ஸ்க்விட் சரியில்ல, வேற மாத்துவோம்"னு மீட்டிங் போடுவாங்க :-)

இதுல இன்னொரு குழப்பமும் உண்டு. கான்ஃபிக்ல கேஷ் மெம்னு ஒரு வரி இருக்கும். அதுல 4 ஜிபின்னு போட்டா ஸ்க்விட் மொத்தமே 4 ஜிபி தான் எடுக்கும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அது சூடான பொருள்களை ராம்ல வச்சுக்கிறதுக்கான அளவு மட்டும்தான். மேல சொன்ன இன்டெக்ஸ், மத்த செலவெல்லாம் அதுக்கு வெளியில. டிஸ்க் அளவையும் முழுசா எழுதாதீங்க, 20 சதவீதம் கழிச்சுக்கோங்க. இதை அந்த கான்ஃபிக் ஃபைலோட விளக்கக் குறிப்பே பல வருஷமா சொல்லிட்டிருக்கு. யார் படிக்கிறா.

நிற்க. அப்கிரேடுக்கு வருவோம்.

"ஓடுற வண்டியை எதுக்குய்யா நிறுத்தணும்" கோஷ்டி ஒண்ணு எல்லா ஆபீஸ்லயும் இருக்கு. அவங்களை நான் கிண்டல் பண்ணப்போறதில்ல, ஏன்னா அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஸ்க்விட் சரித்திரத்தையே எடுத்துக்கோங்க. 1996-ல வந்த மென்பொருள், ஹார்வெஸ்ட்ங்கிற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிரிஞ்சது. 2008-ல 2.7 வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்துல, 2007 டிசம்பர்லயே, சி++ மொழிக்கு மாத்தி எழுதின 3.0-வும் வந்துடுச்சு. ரெண்டு கிளையும் பக்கத்துப் பக்கத்துல. எண் பெருசா இருக்கே, 3-க்குப் போயிடுவோம்னு போனவங்களுக்குத்தான் சிக்கல். 2.7-ல இருந்த சில வசதி 3-ல இல்லவே இல்ல!

உதாரணத்துக்கு, ஒரே வீடியோ ஒவ்வொரு தடவையும் வேற வேற முகவரியில வந்தாலும் அதை ஒரே பொருளா சேமிக்கிற வசதி 2.7-ல இருந்தது. சின்ன இணைய இணைப்பை வச்சுகிட்டு நூறு பேருக்கு சப்ளை பண்ணினவங்களுக்கு அதுதான் உயிர்நாடி. 3 கிளையில அது ஸ்டோர் ஐடிங்கிற பேர்ல திரும்பி வந்தது 2013 கடைசியில, 3.4-ல. அதுவரைக்கும் 2.7-லயே உக்காந்திருந்தவங்களை சோம்பேறின்னு சொல்ல முடியுமா? முடியாது. அவங்க ரிலீஸ் நோட்ஸ் படிச்சவங்க.

இதைவிட முக்கியமானது ஒண்ணு சத்தமில்லாம காணாமப் போச்சு. ஒரே பக்கத்தை ஒரே நேரத்துல ஐநூறு பேர் கேட்டா, ஒரே ஒரு தடவை மட்டும் அசல் சர்வர்கிட்ட போய் வாங்கி, அதையே ஐநூறு பேருக்கும் குடுக்கிற வசதி. கொலாப்ஸ்டு ஃபார்வர்டிங்னு பேரு. 2.6, 2.7 ரெண்டுலயும் இருந்தது. 3-ல இல்ல. 2015-ல 3.5 வந்தப்பதான் மறுபடி சேந்தது. நடுவுல மாறினவங்களோட சர்வர் சாதாரண நாள்ல நல்லாத்தான் ஓடியிருக்கும். கூட்டம் வர்ற நாள்லதான் விஷயமே தெரியும்.

கூட்டம் வந்தா என்ன ஆகும்னு கேக்கிறீங்களா? 2009 ஜூன் 25, மைக்கேல் ஜாக்சன் இறந்த நாள். விக்கிபீடியாவுல அவரோட பக்கத்துக்கு உலகமே ஓடி வந்தது. படிக்கிற கூட்டம் மட்டும்னா கேஷ் தாங்கியிருக்கும். ஆனா அதே பக்கத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் திருத்திக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கேஷ்ல இருந்த பிரதி செல்லாம போகும். உடனே பின்னாடி இருந்த சர்வர்கள் எல்லாம் ஒரே பக்கத்தை ஒரே சமயத்துல தனித்தனியா தயார் பண்ண ஆரம்பிச்சு மூச்சு முட்டிப் போச்சு. அதுக்கப்புறம்தான் பூல்கவுண்ட்டர்னு ஒண்ணு எழுதி, ஒரு பக்கத்தைத் தயாரிக்கிற வேலையில இத்தனை பேருக்கு மேல இறங்கக்கூடாதுன்னு வரிசையில நிக்க வச்சாங்க. அடுத்த வருஷம், 2010 செப்டம்பர்ல, ஃபேஸ்புக் சுமார் ரெண்டரை மணி நேரம் படுத்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான். கேஷ்ல இருந்த ஒரு மதிப்பு செல்லாததா ஆனதும் எல்லா கிளையன்ட்டும் டேட்டாபேஸை நோக்கி ஓட, கடைசியில தளத்தையே நிறுத்தி வச்சுத்தான் டேட்டாபேஸை எழுப்ப முடிஞ்சது.

இப்ப புரியுதா, அப்கிரேட் பண்றப்போ நிஜமா பயப்பட வேண்டியது எதுக்குன்னு? கான்ஃபிக் தப்பா போச்சுன்னா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். புது ஸ்க்விட் வெறுங்கையோட எழுந்து நிக்கிற அந்த முதல் அரை மணி நேரம்தான் ஆபத்து. அதுவரைக்கும் கேஷ் தாங்கிகிட்டிருந்த கூட்டம் மொத்தமும் குடோன் வாசல்ல போய் நிக்கும்.

வார்னிஷ் கதையும் இங்க சொல்லணும். நார்வேயோட வெர்டென்ஸ் காங் பத்திரிகைத் தளத்துக்காக 2006-ல உருவானது, எழுதினவர் ஃப்ரீபிஎஸ்டி காரரான பவுல்-ஹென்னிங் காம்ப். 12 ஸ்க்விட் சர்வர் செஞ்ச வேலையை 3 வார்னிஷ் செஞ்சதுன்னு அப்ப பெரிய பேச்சு. டிஸ்க்கா ராமான்னு மென்பொருளே முடிவெடுக்கிறது பழைய காலத்துப் பழக்கம், அதை ஆபரேட்டிங் சிஸ்டம் பாத்துக்கும்னு அவர் ஸ்க்விட்டைப் போட்டுத் தாக்கி எழுதினது ரசமான கட்டுரை. ஆனா அதை சாதாரணமா ராம்லதான் ஓட்டுவாங்க, ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் காலி. எனக்கு இது குறையாவே தெரியல. ஒவ்வொரு ரீஸ்டார்ட்லயும் காலியாகும்னு தெரிஞ்சவங்க, காலியானா தாங்குற மாதிரிதான் முன்கூட்டியே கட்டுவாங்க. 2014-ல 4.0 வந்தப்போ அதோட வி.சி.எல். மொழியையே மாத்தி, பழைய ஃபைல் ஒண்ணுகூட அப்படியே ஓடாதுன்னு ஆக்கினாங்க. திட்டினவங்க நிறைய. நான் திட்ட மாட்டேன். ஓடவே ஓடாதுன்னா உக்காந்து திருத்திடுவோம். பாதி ஓடி பாதி அமைதியா வேற மாதிரி நடக்கிறதுதான் உயிரை எடுக்கும்.

அந்தப் பாதிக்கு உதாரணம் ஸ்க்விட்லயே உண்டு. 3.1-ல டிரான்ஸ்பரன்ட்ங்கிற வார்த்தை இன்டர்செப்ட்னு மாறிச்சு. 2012-ல வந்த 3.2-ல அந்தப் போர்ட்டை ரொம்ப கறாரா ஆக்கிட்டாங்க. 3128-ஐயே இன்டர்செப்ட்டுக்கும் வச்சு, பிரவுசர்ல ப்ராக்ஸியாவும் குடுத்தவங்களுக்கு வேலை நின்னு போச்சு. ரெண்டுக்கும் ரெண்டு போர்ட் வேணும். அதே 3.2-லதான் பல ப்ராசஸரைப் பயன்படுத்தற வசதியும் வந்தது. எட்டு கோர் பொட்டி வாங்கி ஒரே கோர்ல ஓட்டின காலம் அதோட முடிஞ்சதுன்னு சந்தோஷப்பட்டா, பழைய யூஎஃப்எஸ் வகை டிஸ்க் கேஷை அந்த வொர்க்கர்கள் பங்கு போட்டுக்க முடியாது. ராக்ங்கிற புது வகைதான் முடியும். அதுவும் ஆரம்பத்துல 32 கேபிக்கு மேல பெரிய பொருளை வாங்காது, 3.5-லதான் வாங்க ஆரம்பிச்சது. புது பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும், வாங்கின அப்புறம் இல்ல.

அப்ப "ஓடுற வண்டி" கோஷ்டி சொல்றதுதான் சரியா? 2013 வரைக்கும் சரி. அதுக்கப்புறம் ஒத்துக்க மாட்டேன். 2021-ல ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஸ்க்விட்டை அலசி 55 ஓட்டைகளைக் கண்டுபிடிச்சார். 2023 அக்டோபர்ல அதை வெளியில சொன்னப்போ பெரும்பாலானது அடைக்கப்படாமலே இருந்தது. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா அடைச்சுகிட்டு வந்தாங்க. அந்த அடைப்பெல்லாம் புது வெர்ஷனுக்குத்தான். 3.1-ஐ வச்சுகிட்டு "ஓடுது"ன்னு சொல்றது, கதவுக்குப் பூட்டு இல்லாத வீட்டுல திருடன் இன்னும் வரலைன்னு சொல்ற மாதிரி. எல்லா ட்ராஃபிக்கும் கடந்து போற பொட்டி சார் அது.

நான் செய்யிறது இதுதான். ஓடுற பொட்டியில நேரடியா கை வைக்கிறதில்ல. பக்கத்துல இன்னொண்ணு, பழைய டெஸ்க்டாப்பா இருந்தாலும் போதும், அதுல புது வெர்ஷனைப் போட்டு, பழைய கான்ஃபிகைக் குடுத்து ஸ்க்விட் -கே பார்ஸ் ஓட்டிப் பாப்பேன். அது போடுற ஒவ்வொரு எச்சரிக்கையையும் படிப்பேன். மேனேஜர், லோக்கல்ஹோஸ்ட் ஏசிஎல் எல்லாம் 3.2-லேர்ந்து உள்ளேயே வர்றதால பழைய வரி மேல புகார் சொல்லும், அதை எடுத்துடலாம். கான்ஃபிக் ஃபைல் கிட்ல இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோட. பழைய கேஷ் டைரக்டரியைக் கொண்டுபோய் புது வெர்ஷன்கிட்ட குடுக்கிறதே இல்ல. அழிச்சுட்டு ஸ்க்விட் -இசட் போட்டு புதுசா உருவாக்கிடுவேன். "அத்தனையும் போயிடுமே"ன்னு யாராவது கேட்டா, ஆமா போயிடும்.

அப்புறம் பத்துல ஒரு பங்கு ஆளுங்களை மட்டும் புதுப் பொட்டிக்குத் திருப்பி விடணும். அவங்க கேக்கக் கேக்க அதுவா சூடாகும். அடுத்த நாள் பாதி. அதுக்கடுத்த நாள் முழுசு. ஒரே ராத்திரியில மாத்தி, காலையில ஒன்பது மணிக் கூட்டத்தைக் காலி கேஷ் மேல விடுற வீரம் எனக்கு இல்ல.

"எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஸ்க்விட்"னு கேக்கிறவங்களுக்கு: ஆபீஸ் ஆளுங்க பாக்கிற தளத்தைச் சேமிக்கிற வேலை பெரும்பாலும் முடிஞ்சு போச்சு, உண்மைதான். பூட்டின பெட்டியை அப்படியே கடத்தி விடத்தான் முடியும். நடுவுல புகுந்து பிரிச்சுப் பாக்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்காத விஷயம், அது தனியா ஒரு நாள். ஆனா உங்க சொந்தத் தளத்துக்கு முன்னாடி நிறுத்துற கேஷுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. உபுண்டு, டெபியன் பொதிகளும் கையெழுத்து போட்டு வர்றதால சாதாரண எச்டிடிபிலயே வாங்கலாம். அறுபது மெஷின் இருக்கிற லேப்ல ஒரே அப்டேட்டை அறுபது தடவை இறக்கிகிட்டிருந்தா, ஒரு பழைய பொட்டியும் ஒரு ஸ்க்விட்டும் போதும்.

பி.கு: மாத்தின உடனே ஆக்சஸ் லாகைத் திறந்து வச்சுகிட்டு உக்காருங்க. முதல்ல வரிசையா டிசிபி மிஸ், டிசிபி மிஸ்னுதான் வரும். உடனே பழசுக்குத் திருப்பச் சொல்லி யாராவது போன் பண்ணுவாங்க. ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, நடுநடுவுல டிசிபி ஹிட் தலைகாட்ட ஆரம்பிச்சிருக்கும்.