பூஸ்டரை அவுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

பழைய அம்பாசிடரை வாங்கி, பெயிண்ட் அடிச்சு, சீட் தைச்சு, லீவு நாள்ல ஊருக்கு ஓட்டிட்டு வர்றது இப்ப டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒரு ஆசையா ஆயிருக்கு. அந்த வண்டி ஊருக்குள்ள வந்தா எங்களுக்கும் சந்தோஷம்தானுங்க. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்க சனங்களைச் சுமந்த வண்டி அது. 1950களின் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவுல செஞ்சுக்கிட்டே இருந்தாங்க.

இதுல ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கல. பிரேக் பூஸ்டர் கெட்டுப்போச்சுன்னா, "அவுத்துப் போட்டுட்டு டைரக்ட் பண்ணிடலாம். அந்தக் காலத்துல பூஸ்டரா இருந்துச்சு?"ன்னு பட்டறையில சொல்றாங்க. ஓனரும் தலையாட்டிடறார். செலவு மிச்சம், ஒரிஜினல் வண்டிங்கற பேர் வேற. என் கருத்து இதுதான்: பூஸ்டரை எடுக்கலாம். ஆனா பூஸ்டரை மட்டும் எடுக்கக் கூடாது.

அந்தக் காலத்து அம்பாசிடர்ல பூஸ்டர் இல்லைங்கறது நெசம். ஆனா அதுல நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வண்டி முன்னால போகும்போது டிரம் சுத்தற வேகமே ஷூவை உள்ள இழுத்து இன்னும் அழுத்திக்கும். பாதி வேலையை டிரம்மே பார்த்துக்கும். டிஸ்க் பிரேக்குக்கு அந்தக் குணம் கிடையாது. கால் எவ்வளவு அழுத்துதோ அவ்வளவுதான் பேடு பிடிக்கும். அதனாலதான் பின்னாடி முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தப்ப கூடவே பூஸ்டரும் வந்துச்சு. டிஸ்க் இருக்கற வண்டியில பூஸ்டரைக் கழட்டிட்டு "பழைய முறைக்கு மாத்திட்டேன்"னு சொல்றது, காளையை அவுத்து விட்டுட்டு வண்டியைத் தள்ளச் சொல்ற கதை.

கணக்கா சொல்றேன். பெடல் ஒரு கடப்பாரை மாதிரி. பூஸ்டர் வெச்ச வண்டியில பெடல் நெம்பற விகிதம் பொதுவா நாலுக்கு ஒண்ணு இருக்கும். கால்ல 30 கிலோ அழுத்தினா தள்ளுகம்பியில 120 கிலோ. எட்டு அங்குல பூஸ்டர் இஞ்சின் உறிஞ்சற வேக்கத்தை வெச்சு மேல 200 கிலோ போல சேர்க்கும். ஆக 320 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் ஒரு அங்குலம்னா, ஸ்பிரிங் எல்லாம் கழிக்காம, பிரேக் ஆயில்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 63 கிலோ அழுத்தம் வரும். பூஸ்டரை மட்டும் எடுத்துட்டா அதே காலுக்கு 24 கிலோதான். பூஸ்டர் செத்த வண்டியும் டைரக்ட் பண்ணின வண்டியும் ஒண்ணுதாங்க. ஒண்ணை ரிப்பேர்னு சொல்றோம், இன்னொண்ணை வேலை முடிஞ்சதுன்னு சொல்றோம்.

முறையா மாத்தணும்னா ரெண்டு வேலை இருக்கு. முதல்ல பெடல். தள்ளுகம்பி மாட்டற இடத்தை மேல அச்சுப் பக்கமா ஏத்தி, விகிதத்தை ஆறுக்கு ஒண்ணா ஆக்கணும். அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். ஒரு அங்குலத்துக்குப் பதிலா முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது எட்டுல ஏழு பங்கு உள்விட்டம் உள்ளது போடணும். சைக்கிள் பம்பைப் பாருங்க. ஒல்லிப் பம்புல கை லேசா இருக்கும், ஆனா அடி ஜாஸ்தி அடிக்கணும். அதே சங்கதிதான். இந்த ரெண்டையும் செஞ்சா 24 கிலோ 46 ஆகும். அப்பவும் பழைய 63 வரணும்னா 30 கிலோவுக்குப் பதிலா 41 கிலோ மிதிக்கணும். பெடலும் முன்னைவிட ஆழமா இறங்கும். தள்ளுகம்பிக்குத் துளி விளையாட்டு விடணும், இல்லேன்னா பிரேக் பிடிச்சபடியே நிக்கும். இவ்வளவையும் செஞ்சவர்கிட்ட எனக்குச் சண்டை இல்லை.

"உங்க டிராக்டர்ல பூஸ்டர் இருக்கா? நிக்கலையா?"ன்னு கேக்கறாங்க. என் டிராக்டர் ரோட்டுல 25 கிலோமீட்டர் வேகத்துல போகுது. உங்க கார் 75ல வருது. வேகம் மூணு மடங்குன்னா, நிறுத்தறதுக்கு பிரேக் தின்ன வேண்டிய சக்தி அதே எடைக்கு ஒன்பது மடங்கு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

இன்னொண்ணு. வண்டி ஒருத்தர் பேர்லதான் இருக்கும், ஆனா பெடல்ல பல பேர் கால் படும். சொந்த வண்டியின் பெடல் உங்களுக்குப் பழகியிருக்கும். அவசரத்துக்கு அப்பா ஓட்டுவார், வீட்டம்மா ஓட்டுவாங்க, ஊர்ல மச்சான் ஒருத்தர் சாவி கேப்பார். இவங்கல்லாம் மத்த நாள்ல ஓட்டறது விரல் வெச்சா நிக்கற புது கார். அந்தப் பழக்கத்துல மிதிச்சா உங்க அம்பாசிடர் கேக்காது.

எங்க ரோடும் உங்க ரோடு மாதிரி இல்லீங்க. அறுவடைக் காலத்துல பாதி ரோட்டுல சோளம் காயும். பொழுது சாயறப்ப ஆட்டுப்பட்டி குறுக்கே போகும். ஒரு ஆடு தாண்டினா பின்னாடி முப்பது ஆடு வரும், அதுக்குப் பின்னாடி மேய்க்கற பாட்டி வருவாங்க. லைட் இல்லாத சைக்கிள்ல பால்காரர் வருவார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க பஸ்ஸுக்கு முன்னாடி குதிச்சு ஓடும். ஒரிஜினலா இருக்கணும்ங்கற ஆசை உங்களது, அதுக்குக் குறுக்கே நிக்கற உயிர் எங்களது.

அதனால கழட்டறதுக்கு முன்னாடி, பூஸ்டர் நெசமாவே கெட்டிருக்கான்னு பாருங்க. இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, கல்லு மாதிரி ஆகும். காலை எடுக்காம இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ இறங்கினா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கலேன்னா உடனே பூஸ்டரைக் குத்தம் சொல்லாதீங்க. வேக்கம் ஹோஸ் வெடிச்சிருக்கலாம், ஒன்வே வால்வு போயிருக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு டீசல் இஞ்சின் மாத்தியிருந்தா இன்னும் கவனம் வேணும். டீசல் இஞ்சின் தானா வேக்கம் தராது, அதுக்குத் தனி வேக்கம் பம்பு இருக்கணும். பம்பு இல்லாத வண்டியில நல்ல பூஸ்டரும் செத்த மாதிரிதான் கிடக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் மாத்தித்தான் தீரணும்னா முழுசா மாத்துங்க. மாத்தின பிறகு, அந்த வண்டியை ஓட்டப்போற எல்லாரையும் ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய், மெதுவா ஆரம்பிச்சு 40 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் பிரேக் அடிக்கச் சொல்லிப் பாருங்க. அதுல யார் கால் பலம் கம்மியோ, அவங்க மிதிச்சும் வண்டி நேரா, சட்டுனு நிக்கணும். நின்னா ஊருக்கு வாங்க. நிக்கலேன்னா பஸ்ஸுல வாங்க.