வருமுன் காத்தல்

காவிரி நாட்டு உழவர், வெள்ளம் வந்த பின்னர்க் கரை கட்டத் தொடங்குவதில்லை. ஆற்றில் புதுநீர் வருமுன்னரே வாய்க்கால்களைத் தூர்வாரி, மெலிந்த கரைகளுக்கு மண்ணிட்டு வலிவூட்டுவர். ஊரார் ஒன்றுகூடிச் செய்த அப்பணியைக் குடிமராமத்து என முன்னோர் வழங்கினர். நெற்பயிரைக் காக்க இத்துணை முன்னறிவு காட்டும் நாட்டில், பள்ளிக் குழந்தைகளைக் காக்கவும் அம்முன்னறிவு வேண்டாவா?

தஞ்சை மாவட்டத்துக் கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள் நிகழ்ந்த கொடுமையை நாம் மறத்தல் ஆகாது. காசிராமன் தெருவிலிருந்த ஒரு பள்ளியில், நண்பகல் உணவு சமைக்கும் இடத்தில் மூண்ட தீ கீற்றுக்கூரையைப் பற்றியது. மாடியில் குழந்தைகள் பயின்ற வகுப்பின் மேலும் கீற்றே வேயப்பட்டிருந்தது. இறங்கும் படிக்கட்டோ மிகக் குறுகியது. வெளியேற வழியின்றி 94 குழந்தைகள் மாண்டனர். அக்கம்பக்கத்தாரும் தீயணைப்பு வீரரும் விரைந்து வந்து போராடினர். ஆயினும் அனைவரையும் காத்தல் இயலாதாயிற்று.

தீயணைப்பு நிலையம் எத்துணை அண்மையில் இருப்பினும், செய்தி எட்டி வண்டி வந்து சேரச் சில நிமிடங்களேனும் ஆகும். உலர்ந்த கீற்று எரிவதற்கு அச்சில நிமிடங்களே போதும். ஆதலின், முதல் நிமிடங்களில் உயிர் காக்கும் கடமை பள்ளியில் இருப்போரையே சார்ந்தது.

அக்கொடுமைக்குப் பின், பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்றுமாறு அரசு ஆணையிட்டது. பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வியுரிமையின் பகுதியே என்று 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் தீயணைக்கும் கருவிகளும், ஆசிரியர்க்குப் பயிற்சியும் வேண்டும் என்றது. கூரையைச் சட்டம் மாற்றலாம். பழக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும். இயக்க அறிந்தார் இல்லையேல், சுவரில் தொங்கும் கருவியால் பயன் யாது?

தீப்பற்றிய நாளில்தான் தீயணைப்பு வீரர் பள்ளியை முதன்முதல் காண்பது என்னும் நிலை கூடாது. ஆண்டுதோறும் அவரைப் பள்ளிக்கு அழைத்தல் வேண்டும். வண்டி நுழையத்தக்க தெரு எது, நீர் எடுக்கக் கிணறோ குளமோ எங்குள்ளது, எவ்வாயில் பூட்டப்படாதிருத்தல் வேண்டும் என்பவற்றை அவர் முன்னரே அறிந்திருத்தல் நலம். புகை சூழ்ந்தால் தாழ்ந்து நகர்தல், உடையில் தீப்பற்றினால் ஓடாது தரையில் உருளுதல், புத்தகப்பைக்காகத் திரும்பாது திடலில் கூடுதல் ஆகியவற்றை மாணவர் அவரிடம் பயிலலாம். 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்து, ஊரும் தெருவும் தெளிவுறக் கூறுதலும் பயிலத்தக்கதே.

இத்தகைய ஒத்திகை பாடவேளையை வீணாக்கும், சிறுவரை அச்சுறுத்தும் என்பார் உளர். பழகாத கூட்டமே அஞ்சி நெருக்கி, வழியை அடைத்துக்கொள்ளும். பழகிய கூட்டம் வரிசையாய் இறங்கிவிடும். ஒத்திகை அச்சத்தை வளர்ப்பதன்று, தணிப்பதே ஆகும். அதற்கு ஒரு பாடவேளையைத் தருதல் இழப்பாகாது.

மாணவர்களே! உயர்வகுப்பினராகிய நீங்கள், கீழ்வகுப்புக் குழந்தைகளைக் கைப்பிடித்து வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். படிக்கட்டையும் வாயிலையும் மிதிவண்டியோ உடைந்த மேசையோ மறித்திருப்பின் அகற்றுங்கள். நம் பள்ளியில் அடுத்த ஒத்திகை எந்நாள் என்று தலைமையாசிரியரை இன்றே கேளுங்கள்.