காலியா கேட்கிற இடம் எல்லாம் காலி இடம் இல்லை

1/
இன்னைக்கு சுகர், பிரஷர், காய்ச்சல் எதுவும் கிடையாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துல வேலை பார்க்கிற மருத்துவரா இல்லாம, ஹாம் ரேடியோ உரிமம் வச்சிருக்கிற ஒருத்தனா எழுதுறேன். ஆனா சுத்திச் சுத்தி கடைசியில மருத்துவத்துக்குத்தான் வருவேன். இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
போன மழைக்காலத்துல ஒரு ஞாயிறு. கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம் முகாம் முடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். போன்ல ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. ரெண்டு மரத்துக்கு நடுவுல வயரைக் கட்டி, ஜீப் பேட்டரியில சின்ன ரேடியோவை இணைச்சு, 14.100 மெகாஹெர்ட்ஸில் காது கொடுத்தேன். ரொம்ப மெலிசா மோர்ஸ் ஒலி வந்துட்டு இருந்தது.

திடீர்னு அதுக்கு மேலேயே ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சாங்க. ஆன்டெனா, மழை, பொண்ணு கல்யாணம். இருபது நிமிஷம். இடைவெளி பார்த்து, "சார், இது பீக்கன் அலைவரிசை, கொஞ்சம் தள்ளிப் பேச முடியுமா?" என்று கேட்டேன். வந்த பதில்: "இங்க யாருமே இல்லையே சார். காலியாத்தானே இருந்தது!"

3/
அந்த மனிதர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் காதுக்கு அது உண்மையிலேயே காலியாத்தான் இருந்திருக்கும். பிரச்சினையே அதுதான்.

மருத்துவ மாணவர்களுக்கு நாங்க சொல்லித் தர்ற முக்கியமான பாடம் ஒண்ணு இருக்கு. கடுமையான ஆஸ்துமாவில் மூச்சுத் திணறி வர்றவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வச்சா 'கீச் கீச்'னு வீசிங் கேட்கணும். எதுவுமே கேட்கலைன்னா நிம்மதிப் பெருமூச்சு விடக் கூடாது. சத்தம் வர்ற அளவுக்குக் கூட காத்து உள்ளே போகலைன்னு அர்த்தம். 'சைலன்ட் செஸ்ட்'னு சொல்வோம். அந்த அமைதிதான் உச்சகட்ட ஆபத்து.

பீக்கன் அலைவரிசையும் அப்படித்தான். அங்கே கேட்கிறதும் தகவல், கேட்காததும் தகவல்.

4/
சரி, பீக்கன்னா என்ன? குறிப்பிட்ட இடத்தில் இருந்து, குறிப்பிட்ட நேரத்தில், தன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ற தானியங்கி ரேடியோ. கலங்கரை விளக்கம் மாதிரி. யார்கிட்டயும் பேசாது, பதிலும் கேட்காது. அது உங்க காதில் விழுதா என்பதை வச்சு, அந்த ஊருக்கும் உங்க ஊருக்கும் நடுவுல வானப் பாதை இப்போ திறந்திருக்கான்னு நீங்க தெரிஞ்சுக்கலாம்.

14.100-ல் உலகம் முழுக்க 18 பீக்கன்களுக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க. நியூயார்க், ஜப்பான், ஹாங்காங், கென்யா, பின்லாந்து, பெரு இப்படி. 18 பேருக்கும் ஒரே அலைவரிசை. சண்டை வராதா? வராது. ஆளுக்கு 10 விநாடி. 18 பேருக்கு 180 விநாடி. 3 நிமிஷத்துக்கு ஒருமுறை உலகத்தையே ஒரு சுற்று கேட்டுடலாம்.

இடத்தைப் பங்கு போட முடியாதபோது நேரத்தைப் பங்கு போட்டிருக்காங்க. ஒரே குழாயில முறை வச்சு குடம் நிரப்புற நம்ம தெருக்காரங்களுக்கு இது புதுசு இல்லை.

5/
அந்த 10 விநாடிக்குள்ளே இன்னொரு விஷயமும் நடக்குது. முதல்ல அழைப்புப் பெயர், பிறகு நாலு நீண்ட ஒலி. முதல் ஒலி 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி ஒலி 0.1 வாட்.

காது கேட்கும் திறனை எப்படி சோதிக்கிறோம்? சத்தத்தைப் படிப்படியா குறைச்சு, எதுவரைக்கும் கேட்குதுன்னு பார்ப்போம். அதே சோதனைதான் இது. இங்கே நோயாளி வானம். அந்த நேரத்துல பக்கத்துல ரெண்டு பேர் கல்யாணக் கதை பேசினா, ரிப்போர்ட் எப்படி வரும்?

6/
நமக்கு மிக அருகில் இருக்கும் பீக்கன் கொழும்பில் இருக்கு. அழைப்புப் பெயர் 4எஸ்7பி. கள்ளக்குறிச்சியில் இருந்து நேர்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். வேடிக்கை என்னன்னா, பல நேரம் ஹாங்காங் கேட்கும், பக்கத்து வீடான கொழும்பு கேட்காது. அலை வானத்தில் பட்டுத் திரும்பும்போது பக்கத்து ஊர்களைத் தாண்டிக் குதிச்சுடும்.

அதனால கொழும்பு நல்லா கேட்டா அர்த்தம் இது: அயனிமண்டலம் இப்போ பலமா இருக்கு, 10 மெகாஹெர்ட்ஸில் கூட பக்கத்து மாவட்டங்களைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. கேட்கலைன்னா 7-க்கு இறங்கிப் பார்க்கணும். பீக்கனே பழுதாகி நின்னிருக்கவும் கூடும். அதனால ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சு முடிவு எடுக்காதீங்க. இதுவும் மருத்துவப் பாடம்தான்.

7/
இப்போ நெருக்கடியான இடத்துக்கு வருவோம். 10.100 முதல் 10.150 வரை ஒரு பேண்ட் இருக்கு. மொத்தமே 50 கிலோஹெர்ட்ஸ். 1979 உலக ரேடியோ மாநாட்டில் கிடைச்சது. அதுவும் இரண்டாம் நிலை உரிமைதான், முதல் உரிமை உள்ள சேவைகளுக்கு நாம இடையூறா இருக்கக் கூடாது.

ஒரு குரல் உரையாடலுக்கு சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வேணும். 16 உரையாடல் நடந்தா பேண்டே நிரம்பிடும். அதனால அங்கே குரலில் பேசுறதில்லை என்று ஹாம்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வச்சிருக்காங்க. மோர்ஸும் டிஜிட்டலும் மட்டும். பல மூத்த ஹாம்களுக்கு, பட்டனைத் தட்டித் தட்டி நிதானமா உரையாடக் கிடைச்ச கடைசித் திண்ணை இதுதான்.

8/
அந்தத் திண்ணையிலேயே பீக்கன்களும் உட்கார்ந்திருக்கு. 2008-ல் வந்த டபிள்யூஎஸ்பிஆர் என்ற மென்பொருள், செல்லமா விஸ்பர். எழுதியவர் ஜோ டெய்லர், பல்சர் ஆய்வுக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். ஒரு செய்தி கிட்டத்தட்ட 2 நிமிஷம் ஓடும், அகலம் வெறும் 6 ஹெர்ட்ஸ். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒதுக்கிய இடம் 200 ஹெர்ட்ஸ். 50 கிலோஹெர்ட்ஸில் 250-ல் ஒரு பங்கு!

காசு பார்த்தா ஒரு ரூபாயில் அரைப் பைசா கூட இல்லை. அந்த அரைப் பைசா இடத்தை மட்டும் விட்டுக் கொடுங்கன்னு கேட்பதுதான் என் முதல் வாதம்.

9/
ஆனா நில்லுங்க. எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கு. அதுக்கு சாட்சி நானே.

நானும் வீட்டில் ஒரு குட்டி விஸ்பர் கருவி வச்சிருந்தேன். நைட் டியூட்டி, அடுத்து ஒரு கல்யாணம், அடுத்து கான்ஃபரன்ஸ்னு மூணு நாள் வீட்டுப் பக்கமே போகலை. மொட்டை மாடி வெயிலில் கருவி சூடாகி அலைவரிசை நகர்ந்து, 200 ஹெர்ட்ஸை விட்டு வெளியே வந்து, ஒரு மூத்த ஹாம் தினமும் மோர்ஸில் பேசுற இடத்தில் போய் உட்கார்ந்துடுச்சு. மூணு நாளும் அவர் உரையாடலுக்கு நடுவுல என் மெஷின் ஊளையிட்டிருக்கு.

போன் பண்ணி ஒரே ஒரு வரி சொன்னார்: "தம்பி, மனுஷன் குறுக்கே வந்தா தள்ளிப் போங்கன்னு சொல்லலாம். மெஷின்கிட்ட யார் சொல்றது?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கருவியை அன்னைக்கே நிறுத்தினேன்.

10/
அதனால "பீக்கன் அறிவியல், பேச்சு வெட்டி" என்று சொல்ற கட்சியில் நான் இல்லை. "பேண்ட் மனுஷங்களுக்கு, மெஷினுக்கு இல்லை" என்ற கட்சியிலும் இல்லை. பேசுறவங்க இல்லைன்னா பாதை திறந்திருந்து என்ன பயன்? பாதை தெரியலைன்னா யார்கிட்ட பேசுவீங்க?

"இப்பதான் இன்டர்நெட்ல எல்லாம் தெரியுதே டாக்டர், பீக்கன் எதுக்கு?" என்று கேட்கிறவங்களுக்கு: இணைய வரைபடத்தில் நீங்க பார்க்கிற கோடுகளில் பெரும்பங்கு இந்த மாதிரி சிக்னல்களை யாரோ கேட்டுப் பதிவு செஞ்சதுதான். அது போக, இன்டர்நெட் இல்லாத அன்னைக்குத்தானே நமக்கு ரேடியோ வேணும்?

11/
சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் வானத்திலேயே இருக்கு. 2018 நவம்பர் 15-ல் ஏவப்பட்ட கத்தார் நாட்டு செயற்கைக்கோளில் ஹாம்களுக்கு இடம் கொடுத்திருக்காங்க. பெயர் கியூஓ-100. கல்வராயன் மலையில் இருந்து மேற்குப் பக்கம் டிஷ்ஷைத் திருப்பினா கிடைக்கும்.

அங்கே பீக்கன்தான் அளவுகோல். யாருடைய சிக்னலும் பீக்கனை விட பலமா இருக்கக் கூடாது. மீறினா தானியங்கிக் காவல் ஒண்ணு உங்க குரல் மேலேயே சைரன் ஊதும். பேசுறவங்க அடங்கிப் பேசுறாங்க, பீக்கன் தன் கோட்டில் நிற்குது, எல்லாருக்கும் இடம் இருக்கு.

12/
இதெல்லாம் பொழுதுபோக்குக்காரங்க சண்டை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. உலக ஹாம்களோடு பேசி மகிழத்தான் போனாங்க. 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசி செத்துப்போன தீவுகளில் இருந்து, உறவுகள் உயிரோடு இருக்காங்களா என்ற செய்தி அவங்க ரேடியோ வழியாத்தான் வெளியே வந்தது. முந்தின நாள் வரை பொழுதுபோக்கு, மறுநாள் உயிர்நாடி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அந்த ஆற்றங்கரையில்தான் நம்ம மாவட்டத்துத் திருக்கோவிலூர் இருக்கு.

13/
மலை மேல நிலைமை இன்னும் வேற. பாம்புக்கடி, பிரசவ வலி, ரத்தப்போக்கு எதுவா இருந்தாலும் கீழே தகவல் போய்ச் சேர்ற நேரம்தான் உயிர். டவர் போயிடுச்சுன்னா வாக்கிடாக்கி மலையைத் தாண்டாது. ஆனா தாழ்வா கட்டின ஒரு வயரில் இருந்து 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேரே மேலே போய், வானத்தில் பட்டு, சுத்தியும் மழை மாதிரி இறங்கும். 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னை வரைக்கும்.

எந்த நேரத்தில் எந்த பேண்ட் வேலை செய்யும்? ராத்திரி ரெண்டு மணிக்கு, மழையில், குறையுற பேட்டரியை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கூவிப் பார்க்க முடியாது. மூணு நிமிஷம் பீக்கன் கேட்டா பாதி பதில் கிடைக்கும். அந்த மூணு நிமிஷத்தைத்தான் காலி இடம்னு நாம பேசித் தீர்க்கிறோம்.

14/
என் கருத்தைச் சுருக்கமா சொல்லிடறேன்.

பேசுறவங்களுக்கு: பீக்கன் அலைவரிசையில் அமைதியா இருந்தாலும் பேசாதீங்க. 14.100-க்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்க. பேண்ட் அட்டவணையை ரேடியோ மேலேயே ஒட்டி வையுங்க.

பீக்கன் வைக்கிறவங்களுக்கு: கோட்டைத் தாண்டாதீங்க. குறைந்த வாட் போதும். அஞ்சு முறையில் ஒருமுறை ஒலிபரப்பி, மீதி நேரம் கேளுங்க. தூரத்தில் இருந்தே நிறுத்த வழி இல்லைன்னா ஊருக்குப் போகும்போது அணைச்சிட்டுப் போங்க. ஐசியூ மானிட்டரை ஆள் இல்லாம விட்டா எப்படி இருக்கும்?

எல்லாருக்கும்: பேரிடர் அழைப்பு வந்தா பீக்கன், பேச்சு ரெண்டும் ஒதுங்கணும். இதில் விவாதமே இல்லை.

15/
என் கருவி இப்போ மறுபடி ஓடுது. மாடியில் இருந்து நிழலுக்கு மாத்திட்டேன், போன் வழியா அணைக்க சுவிட்ச் வச்சிருக்கேன். முதல்ல அந்த மூத்தவருக்குப் போன் பண்ணி அனுமதி கேட்டேன். "ஓடட்டும் தம்பி, நான் பார்த்துக்கறேன்" என்றார். இப்போ அது நகர்ந்தா எனக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். மெஷினுக்கு ஒரு மனுஷன் பொறுப்பு. இதை விட நல்ல ஒப்பந்தம் எனக்குத் தெரியலை.

பேசும் முன் கேளுங்க. நோயாளி முன்னாடியும் சரி, ரேடியோ முன்னாடியும் சரி.