'அகம்' ஆல்பமும் மூணு கட்சியும்: கூட்டணிப் பாட்டை எப்படிக் கேட்கலாம்?

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏறும் காய்கறி, புளியரை வழியாகக் கேரளா போகும். கோயில் கொடை சமயத்தில் அதே ரோட்டில் செண்டை மேளம் இந்தப் பக்கம் வரும். ஒரே பந்தலில் ஒரு பக்கம் நையாண்டி மேளம், இன்னொரு பக்கம் செண்டை. நேரம் ஆக ஆக நாயனத்தில் சினிமாப் பாட்டும் வாசிப்பார்கள். இதை இங்கே யாரும் 'ஃபியூஷன்' என்று சொல்வதில்லை. கொடை, அவ்வளவுதான்.

ஆனால் இதே கலவையை ஒரு பேண்ட் ஸ்டூடியோவில் செய்து ஆல்பமாக விட்டால் உடனே பஞ்சாயத்து கூடிவிடுகிறது. 2025-ல் 'அகம்' பேண்டின் மூன்றாவது ஆல்பமான 'அரைவல் ஆஃப் த இத்தீரியல்' வெளிவந்தபோதும் பேச்சு அப்படித்தான் பிரிந்தது.

யார் இந்த அகம்?

பெங்களூருவைச் சேர்ந்த பேண்ட். கர்நாடக சங்கீதத்தையும் ப்ரோக்ரெஸிவ் ராக்கையும் கலப்பவர்கள். 2007-ல் சன் டிவியில் ஏ.ஆர்.ரஹ்மான் பங்கேற்ற 'ஊ லல லா' நிகழ்ச்சியில் வென்று வெளியே தெரிந்தார்கள். முதல் ஆல்பம் 2012-லும் அடுத்தது 2017-லும் வந்தன. முன்னணிப் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன்.

மூன்றாவது ஆல்பத்துக்கு வருவதற்குள் அளவு பெரிதாகிவிட்டது. செக் நேஷனல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்திருக்கிறது. சாரமதி ராகத்தில் அமைந்த தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா'வை ஒட்டிய பாட்டில் ஸ்ரேயா கோஷல் சேர்ந்து பாடியிருக்கிறார். ஆபேரியின் அடையாளமான 'நகுமோமு'வை ஒட்டியும் ஒரு பாட்டு உண்டு.

மூணு கட்சி என்ன சொல்லுது?

முதல் கட்சி, கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள். கீர்த்தனையின் பாவம் டிரம்ஸ் சத்தத்தில் கரைந்துவிடுகிறது என்பது அவர்கள் வருத்தம். இரண்டாவது கட்சி, பேண்டின் பழைய ரசிகர்கள். முதல் ஆல்பத்தின் முரட்டுத்தனம் போய், எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது என்கிறார்கள். மூன்றாவது கட்சி, இந்த வழியாகத்தான் தியாகராஜரையே முதல் முறை கேட்டவர்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையே புரிவதில்லை.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. ஆனால் மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களா?

'சுத்தம்' எது?

முதல் கட்சிக்கு ஒரு தகவல், அதுவும் நம்ம தெற்குச் சீமையிலிருந்தே. எட்டயபுரத்தில் 1904-ல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஆபேரிக்குச் சொல்லப்படுவது சுத்த தைவதம். இன்று மேடையில் 'நகுமோமு' பாடும்போது கேட்பது சதுச்ருதி தைவதம். அதாவது, இன்று 'சுத்தமான' ஆபேரி என்று நாம் காப்பாற்ற நினைப்பதே ஒரு காலத்தில் மாறி வந்ததுதான்.

அதே எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக இருந்த பாலுசுவாமி தீட்சிதர்தான், ஐரோப்பியர்களின் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் முக்கியமானவர். இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியை நினைக்க முடியுமா?

அதனால் 'கலக்கலாமா, கூடாதா' என்பது காது எப்போதோ தீர்த்துவைத்த வழக்கு. கலந்தது நன்றாகக் கலந்ததா என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஆர்கெஸ்ட்ரா ஏன் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கு?

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், அதுதான் கமகம். சிம்பொனிக் கலைஞர்களோ எழுதிக்கொடுத்த நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பவர்கள். ஒரு குரல் தானாக அசைக்கும் கமகத்தை, பத்து முப்பது வயலின்கள் ஒரே மாதிரி அசைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் இந்த மாதிரி ஆல்பங்களில் பொதுவாக என்ன நடக்கும் என்றால், கமகத்தைப் பாடகர் பார்த்துக்கொள்வார், ஆர்கெஸ்ட்ரா கீழே ஹார்மனியை விரிப்பாகப் போட்டுக் கொடுக்கும்.

இன்னொரு காரணம் உங்கள் கையிலேயே இருக்கு. போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் பாதி காணாமல் போகும், இடது வலது பிரிவும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அத்தனை பேர் வாசித்ததும் ஒரு கீபோர்டு சத்தம் மாதிரி கேட்கும். கருத்து சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை நல்ல ஹெட்போனில் கேட்டுவிடுவது நல்லது.

எடுத்துப் பார்த்தால் தெரியும்

கூட்டணிப் பாட்டை எடைபோட எளிய சோதனை ஒன்று இருக்கு. வந்த விருந்தாளியை மனசுக்குள் பாட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள். பாட்டு அப்படியே நின்றால், அவர் போஸ்டருக்கு வந்தவர். பாட்டு சரிந்தால், அவர் பாட்டுக்கு வந்தவர்.

இதற்கு நம்ம பக்கத்து உதாரணமே போதும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே' பாட்டு. ராகம் அதே ஆபேரி. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, குரல் எஸ்.ஜானகி, நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். சினிமா மெட்டும் கோயில் வாத்தியமும் சேர்ந்த அசல் கூட்டணி. இதில் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. ஜானகியை எடுத்தாலும் இல்லை. ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல என்று போகிறது. 60 வருஷம் தாண்டியும் கொடைப் பந்தலில் நாயனக்காரரிடம் நேயர் விருப்பமாகக் கேட்கிற பாட்டு அது.

இந்தச் சோதனையை அகம் ஆல்பத்தில் வைத்தால் என் காதுக்குக் கிடைக்கிற பதில் கலவைதான். ஸ்ரேயா வரும் பாட்டில் ஹரீஷின் அழுத்தத்துக்கு எதிரே அவர் குரல் ஒரு நிதானத்தைக் கொடுக்கிறது. எடுத்தால் பாட்டு சரியும். ஆர்கெஸ்ட்ராவோ சில இடங்களில் பேச்சுக்குப் பதில் பேசுகிறது, சில இடங்களில் பிரம்மாண்டத்துக்காக மட்டும் எழும்புகிறது. பழைய ரசிகர்களின் குறை இந்த இரண்டாவது வகை இடங்களைப் பற்றியதுதான் என்று தோன்றுகிறது.

இரண்டாவது சோதனை: பெயர் எங்கே?

கூட்டணி என்றாலே அடுத்து வருவது பெயரும் பணமும். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை மறந்திருக்க மாட்டீர்கள். தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் சேர்ந்த பாட்டு, வெளியிட்டது 'மாஜா' தளம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது, யாருடைய பாட்டு என்ற விவாதம் வெடித்தது. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். மாஜா தரப்பு அதை மறுத்தது. உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமை.

சட்டம் என்ன சொல்லுது? 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாடியவர், வாசித்தவர் போன்ற நிகழ்த்துகலைஞர்களுக்கும், அவர்கள் பங்களிப்பு வணிகமாகப் பயன்படும்போது ராயல்டி பெற உரிமை உண்டு. ஆனால் சினிமாவில் ஒரு சிக்கல் இருக்கு. போகிற போக்கில் வருகிற பங்களிப்பாக இருந்து, டைட்டிலில் பெயரும் போடாவிட்டால், அந்த நபர் ராயல்டி விஷயத்தில் நிகழ்த்துகலைஞர் கணக்கிலேயே வர மாட்டார். ஆக, டைட்டிலில் பெயர் வருவது வெறும் மரியாதை மட்டும் இல்லை.

ஸ்ரேயா கோஷலுக்கோ ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவுக்கோ இது பெரிய கவலை இல்லை. அவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கும், வக்கீல் இருப்பார். 'நாட்டுப்புற டச்' வேண்டும் என்று தென்காசிப் பக்கமிருந்து ஒரு தவிலையோ பம்பையையோ ஸ்டூடியோவுக்கு அழைக்கும்போதுதான் இது நிஜக் கேள்வியாகிறது. ஒரு நாள் சம்பளத்தோடு முடிந்துவிடுமா, இல்லை பெயரும் பங்கும் வருமா?

அப்போ என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டணி ஆல்பம் வரும்போது 'கலந்து கெடுத்துட்டாங்க', 'வேற லெவல்' என்று பிரிவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, விருந்தாளியை எடுத்துவிட்டுக் கேட்பது. இரண்டு, ஸ்ட்ரீமிங் ஆப்பில் பாட்டின் 'கிரெடிட்ஸ்' பகுதியைத் திறந்து, நீங்கள் கேட்ட ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

கொடையில் மேளம் முடிந்ததும் நம்ம ஊர்க்காரர்கள் செட்டுக்காரரின் பெயரைக் கேட்டு, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கூட்டணி ஆல்பம் கேட்கிற நமக்கும் அந்தப் பழக்கம் போதும்.