சுமைவண்டிக்கு ஓர் எஞ்சின்

விடியுமுன் காந்தி மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மூன்று சக்கரச் சுமைவண்டியை மிதித்துக் களைத்த கால்களை நாம் அறிவோம். பழைய ஸ்கூட்டர் எஞ்சினை அதில் பூட்டிவிட்டால் எத்துணை இளைப்பாறுதல்! இவ்வாசையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அன்பர்களே, அவ்வண்டியின் பிரேக்கும் அச்சும் மிதிக்கும் வேகத்திற்கெனச் செய்யப்பட்டவை. வேகம் இருமடங்கானால், அதே பிரேக்கினால் வண்டி நிற்க ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் வேண்டும். மக்கள் நெருக்கும் சந்தை வாசலில் அத்தனை இடம் ஏது?

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கிற்குக் குறைந்த சக்கரங்களுடைய வண்டியில் 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சினைப் பூட்டினால் அது மோட்டார் வாகனமே. ஸ்கூட்டர் எஞ்சினோ அதனினும் பெரிது. எனவே பதிவு, ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு யாவும் வேண்டும். ‘சொந்தக் கடைக்குத்தானே’ என்னும் சமாதானம் பொதுச் சாலையில் செல்லாது. முறையாகப் பதிவான வாகனத்தைக்கூடத் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாகத் திருத்தலாகாதென 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

காப்பீடற்ற வண்டி ஒருவரை இடித்துவிட்டால் இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும். சிறு கடையின் முதலே கரைந்துவிடும். ஓட்டிய கூலியாளும் வழக்கில் நிற்பார். மிதிக்க இயலாதோர், முறையாகப் பதிவு செய்யத்தக்க மின்சாரச் சுமை ஆட்டோவைத் தவணையில் பெற வழியுண்டா என விசாரித்தல் நன்று.