ஏரி வேலைக் கூலி எங்கே? அரசின் சிக்கனம் ஏழை வீட்டு அடுப்பில்தானா?



கஜானா காலி என்ற பேச்சு நமக்குப் புதுசு இல்லை. ஆட்சிக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் சொல்கிற வார்த்தை அது. போகிறவர்கள் நிரம்பி வழிகிறது என்பார்கள், வந்தவர்கள் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்பார்கள். இரண்டில் எது நிஜம் என்று கணக்குப் பார்க்க நமக்கு வழி இல்லை. ஆனால் காலி என்று சொன்ன மறுநாள் யார் வீட்டுப் பானையில் கை வைக்கிறார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

2001 ஆகஸ்டு மாதம் தமிழக நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருடத்தை நம்ம வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வானமும் அப்போது பொய்த்துப்போன காலம். ஏரிகளில் தண்ணீர் இல்லை, கிணற்றில் ஊற்று இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து 2003 மார்ச்சில் பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தை நிறுத்தினார்கள். சிறு விவசாயிக்கு 1984 முதலும், எல்லா விவசாயிக்கும் 1990 வாக்கிலிருந்தும் கிடைத்துவந்த உரிமை அது. சும்மா கொடுத்ததும் இல்லை. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் தெருவில் இறங்கி, கோவையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தி, துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்து வளர்த்த கோரிக்கை. அதை ஒரு உத்தரவில் எடுத்துவிட்டு, சிறு குறு விவசாயிக்கு மணியார்டரில் பணம் வரும் என்றார்கள். மின்சாரம் கம்பியில் வந்தது, தானாக வந்தது. மணியார்டருக்கோ சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், பட்டா பேர் மாறியிருக்க வேண்டும். அப்பா பேரில், தாத்தா பேரில் பட்டா இருக்கிற நம்ம ஊர்களில் எத்தனை பேருக்கு அது ஒழுங்காகக் கிடைத்திருக்கும்?

ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தியதும் அந்தக் காலத்தில்தான். மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் அரிசி இல்லை என்றார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 'அவங்களுக்கு நல்லா வேணும்' என்று நம்மிலேயே சிலர் பேசினார்கள். தாலுகா ஆபீசில் அலைந்த கோபம் அது, புரிகிறது. ஆனால் அவர்களை அடித்த கம்புதான் நம்மையும் அடித்தது.

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டில் 39, புதுச்சேரி 1, ஆகமொத்தம் நாற்பதிலும் ஆளும் கட்சிக்குத் தோல்வி. முடிவு வந்த சில நாளிலேயே இலவச மின்சாரம் திரும்பியது, ரேஷன் கட்டுப்பாடு போனது, ஊழியர் மீதான நடவடிக்கைகள் வாபஸ் ஆயின. ஒரே வாரத்தில் கஜானா நிரம்பிவிட்டதா என்ன? பணம் இல்லாதது பாதி, மனம் இல்லாதது பாதி என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

கூலி நின்ற கதை

இப்போது ஏரி வேலைக்கு வருவோம். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-இல் வந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக்கு 2006 பிப்ரவரியிலேயே கிடைத்தது. அன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நமக்கு 2008 ஏப்ரலில்தான். இரண்டு வருடம் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு சித்தாமூர், லத்தூர் ஒன்றியங்களில் இந்த வேலைக்குப் போகாத தெரு எது? மானாவாரி கடலை போட்டவர், அரை ஏக்கர் கழனிக்காரர், தர்பூசணியில் விலை விழுந்து நொந்தவர், உப்பளத்தில் சீசன் முடிந்தவர் எல்லாரும் ஒரே மஸ்டர் ரோலில் இருந்தவர்கள்தான். பெண்கள் கையில் தன் பேரில் காசு வந்தது இதனால்தான்.

சட்டம் என்ன சொன்னது? மஸ்டர் ரோல் முடிந்த 15 நாளில் கூலி. தாமதமானால் ஒரு நாளைக்கு நூற்றுக்கு 0.05 வீதம் இழப்பீடு. நடந்தது என்ன? 2024 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கூலி வரவில்லை. 2025 மார்ச்சில் நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசே சொன்னது. டெல்லியைக் கேட்டால் ஒரு விளக்கம், சென்னையைக் கேட்டால் ஒரு போராட்ட அறிவிப்பு. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் 'மேலிருந்து வரலைங்க'. அதற்குமேல் கேட்க ஆள் இல்லை. பிறகு பகுதி பகுதியாகப் பணம் வந்தது. வந்ததைப் பெரிய சாதனையாகச் சொன்னார்கள். செய்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் சாதனை எங்கே இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2024-25-இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். பத்து நாள் வேலை செய்த ஒரு தாய்க்கு வரவேண்டியது 3,190. அது வராத இரண்டு மாதத்துக்குக் கடையில் கடன், பிள்ளைக்கு நோட்டு, வேன் காசு, மாமியாருக்கு மாத்திரை என்று அதே 3,190-ஐ நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கினால் இரண்டு மாத வட்டி 319 ரூபாய். சரியாக ஒரு நாள் கூலி! வெயிலில் நின்று மண் வெட்டிய ஒரு நாள், அரசு கட்ட வேண்டிய கெடுவை அரசே தவறியதற்காக வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது. சட்டப்படி அந்த அறுபது நாள் தாமதத்துக்கு இழப்பீடு எவ்வளவு? சுமார் 96 ரூபாய். அதையும் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

இதோடு போட்டோ வேறு. 2023 ஜனவரி முதல் காலையில் ஒரு தடவை, பிற்பகல் ஒரு தடவை செல்போனில் படம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏரிக்கரையில் டவர் இல்லாவிட்டால் அன்றைய உழைப்பே கணக்கில் ஏறாது. 2024 ஜனவரி முதல் ஆதார் இணைப்பு இருந்தால்தான் பணம் என்றார்கள். பேரில் ஒரு எழுத்து மாறியவர்கள் இ-சேவை மையத்துக்கு அலைந்தே இரண்டு நாள் கூலியைத் தொலைத்தார்கள். கொரோனா வந்த 2020-21-இல் இந்தத் திட்டத்துக்கு நாடு முழுவதும் 1 லட்சத்து 11 ஆயிரம் கோடிக்கு மேல் செலவானது. 2023-24 பட்ஜெட்டில் எடுத்த எடுப்பில் ஒதுக்கியது 60,000 கோடி. திட்டத்தை நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்தினால் பயிர் தானாகக் காயும் அல்லவா, அந்த வித்தைதான்.

125 நாள் என்கிற சட்டம்

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 'விபி ஜி ராம் ஜி' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நூறு நாள் 125 ஆகிறது என்று விளம்பரம். வரவேற்கலாமே என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: நூறு நாள் சட்டம் இருந்தபோதே நாட்டில் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஐம்பது நாள் அளவுக்குத்தான் வேலை கிடைத்தது. கொடுக்காத நூறை 125 ஆக்கினால் யாருக்கு லாபம்?

விஷயம் உள்ளே இருக்கிறது. முன்பு கூலிப் பணம் முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. புதிய சட்டத்தில் 60 பங்கு மத்தியம், 40 பங்கு மாநிலம். எவ்வளவு பணம் என்பதை முன்கூட்டியே டெல்லி தீர்மானிக்கும், அதற்கு மேல் போனால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லியில் ஒரு கட்சி, கோட்டையில் ஒரு கட்சி என்றால் இழுபறி வரும் என்பதை 2025-இலேயே பார்த்தோம். அன்றைக்குக் கை வைக்க ஒரு சாவிதான் இருந்தது. இனி இரண்டு சாவி. இருவரில் ஒருவர் சிக்கனம் என்றாலும் பூட்டு திறக்காது.

இன்னொன்று, விதைப்பு அறுவடைக் காலத்தில் வருடத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிற பிரிவு. இதைப் பற்றி நம்ம சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. 'ஏரி வேலையால நாத்து நட ஆள் கிடைக்கல, நிறுத்தட்டும்' என்று சொல்கிறவர்கள் நம்ம உறுப்பினர்களே. அவர்கள் கஷ்டமும் நிஜம். ஆனால் யோசியுங்கள். அறுப்புக்கு இப்போது மெஷின்தான் இறங்குகிறது. அறுப்பு மெஷின் வந்ததில் கூலி இழந்தவர்களும் இதே தெருப் பெண்கள்தான். சம்பா வேலை நடக்கிற ஐப்பசி, கார்த்திகையில் மழை. உப்பளம் மூடிக் கிடக்கும். கடலும் பல நாள் கொந்தளிக்கும், கடப்பாக்கம் பக்கம் படகு இறங்காது. அந்த மாதங்களில் ஏரி வேலையையும் நிறுத்தினால் நிலம் இல்லாத வீட்டில் எதைக் காய்ச்சுவார்கள்? ஆள் பற்றாக்குறைக்கு வழி, நிலமற்றவரைப் பட்டினி போட்டு நம்ம கழனிக்கு ஓட்டி வருவது இல்லை. சிறு குறு விவசாயி கழனியில் செய்கிற நடவையும் களையெடுப்பையும் இந்தத் திட்டத்தில் சேர்த்து, கூலியில் ஒரு பங்கை அரசு தரட்டும் என்பதே நம்ம கோரிக்கை. ஒரு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருக்கிற நம்மில் பலர் காலையில் கழனி, மற்ற நாளில் ஏரி வேலை என்று இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சத்தமில்லாத வெட்டு

முதியோர் பென்ஷனைப் பாருங்கள். தமிழக அரசு 2023-இல் 1,000-ஐ 1,200 ஆக்கியது. அதில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு தருகிற பங்கு 200 ரூபாய். பதினைந்து வருடத்துக்கும் மேலாக அதே 200. அரிசி, பருப்பு, பஸ் எல்லாம் ஏறிய பிறகும் அந்த 200 மட்டும் அசையவில்லை. உயர்த்தாமல் விடுவதும் வெட்டுதான், உத்தரவு போட வேண்டிய வேலைகூட இல்லை. உரமும் அப்படியே. 2010 ஏப்ரலில் மானியக் கொள்கையை மாற்றினார்கள். 500 ரூபாய்க்குள் வாங்கிய டிஏபி மூட்டை இரண்டே வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டியது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நடந்ததும் நமக்குப் பாடம். 2021-இல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள், விளைச்சல் விழுந்தது. 2022-இல் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார். ஆள் மாறியும் ஏழைக்கு நிம்மதி வரவில்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் 66 சதவீதம் ஏறியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு அதுவும் ஒரு நிபந்தனை. வாங்கிய கடனில் குடிசைக்காரனுக்குப் பங்கு இருந்ததா தெரியாது, கட்டுகிறபோது பங்கு வந்துவிட்டது.

அரசியல் நிலையில்லாமை நம்ம வீட்டுக்குள் வருகிற இன்னொரு வழி கூட்டுறவுக் கடன். 2006, 2016, 2021 என்று மூன்று தள்ளுபடியும் தேர்தலை ஒட்டியே வந்தன. அதனால் தேர்தல் வாடை அடித்தாலே 'கட்டாதீங்க, தள்ளுபடி வருது' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடுகிறது. நகைக்கடனா பயிர்க்கடனா, எந்தத் தேதிவரை, சிறு விவசாயிக்கு மட்டுமா எல்லாருக்குமா என்று யாருக்கும் தெரியாது. 2016-இல் சிறு குறு விவசாயி என்று வரம்பு வைத்ததில் வெளியே நின்றவர்கள் உண்டு. கெடு தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. வதந்தியை நம்பிக் கெடுவைத் தாண்டினால் வட்டி ஏறும், அடுத்த பட்டத்துக்குக் கடனும் கிடைக்காது, தனியார் வட்டிக்குப் போக வேண்டும். தள்ளுபடி வேண்டும் என்று சங்கம் கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனாலும் அரசாணை கையில் வருகிறவரை கெடு தேதியை விடாதீர்கள். இது பிடிக்காத பேச்சாக இருக்கலாம், சொல்லாமல் இருக்க முடியாது.

நாம் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்க இதை எழுதவில்லை. டெல்லியானாலும் கோட்டையானாலும், எந்த ஆட்சி இருந்தாலும் கேட்பது ஒன்றே: செய்த வேலைக்குப் பதினைந்து நாளில் கூலி வேண்டும், தாமதமானால் கேட்காமலே இழப்பீடு ஏற வேண்டும். மழை மாதங்களில் வேலையை நிறுத்தக் கூடாது. மத்திய அரசின் பென்ஷன் பங்கை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும்.

செய்யூர் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு சங்கம் நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது அட்டையும் பாஸ்புக்கும் எடுத்து வாருங்கள். வராத நாட்களை ஊர்வாரியாக எழுதி மனுவோடு சேர்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் ஊராட்சியில் வேலை கேட்டு எழுத்து மூலம் மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கி வைக்க வேண்டும். வாயால் கேட்டால் கணக்கில் வராது. மனு கொடுத்து 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் எழுதியிருக்கிறது. ரசீது தர மறுத்தால் மறுத்தவர் பேரையும் தேதியையும் குறித்து ஊர்க்கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதிரி மனு கிளைகளில் இருக்கிறது.