தேயிலையின் ருசியும் கொழுந்தின் தரமும்

இந்தியாவில் உண்டாகும் கறுப்புத் தேயிலை யாவும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். ஆனால் ஏலத்தில் வாங்குவோர் அவ்வாறு எண்ணுவதில்லை. பிரதேசத்துக்குப் பிரதேசம் ருசியும் வாசனையும் வேறுபடுகின்றன. அவற்றிற்குத் தக்கவாறு விலையும் வேறுபடுகின்றது. இவ்வேற்றுமையின் காரணத்தை நீலகிரியில் தேயிலை பயிரிடுவோர் அறிந்துகொள்வது மிகவும் அவசியமாகும்.

தேயிலைச் செடியில் முக்கிய இனங்கள் இரண்டு. சிறிய இலையுடன் குளிரைத் தாங்கி வளர்வது சீன இனம். அகன்ற இலையுடன் மிகுந்த மகசூல் தருவது அஸ்ஸாம் இனம். அஸ்ஸாம் காடுகளில் இச்செடி இயற்கையாகவே வளர்ந்தது. அங்குள்ள சிங்போ மக்கள் அதன் உபயோகத்தை முன்னரே அறிந்திருந்தனர். 1823-ம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் என்பவர் அவர்கள் மூலம் இதனை அறிந்தார். 1839-ல் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் விடப்பட்டது. டார்ஜிலிங்கில் டாக்டர் காம்ப்பெல் 1841-ல் தேயிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். நீலகிரியில் 1830-களிலேயே கேத்தியில் பரீட்சைகள் நடந்தன.

வெப்பமும் மழையும் மிகுந்த பிரம்மபுத்திரா சமவெளியில் விளையும் அஸ்ஸாம் தேயிலை, சிவந்த நிறமும் கடுமையான ருசியும் உடையது. பாலுடன் அருந்த ஏற்றது. டார்ஜிலிங் தேயிலையின் சாறு இளநிறமாயினும் வாசனை மிகுந்தது. அதன் இரண்டாம் பருவத்துக் கொழுந்தில் திராட்சை மணம் தோன்றும். தத்துப்பூச்சிகள் இளந்தளிரை உறிஞ்சும்போது செடி சுரக்கும் வாசனைப் பொருள்கள் இம்மணத்திற்கு ஒரு காரணமாகும். நீலகிரித் தேயிலை தெளிந்த நிறமும் பூமணமும் கொண்டது. இங்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிடைப்பினும், டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் செடி மெதுவாக வளரும்போது வாசனை சிறந்து விளங்குகின்றது.

இனமும் நிலமும் பருவமும் தரும் இந்தக் குணத்தைக் கெடுக்கவோ காக்கவோ வல்லது பறிக்கும் கையே. ஒரு மொட்டும் இரண்டு இளம் இலைகளும் சேர்ந்ததே நல்ல கொழுந்து. நிறத்தையும் ருசியையும் உண்டாக்கும் பாலிபினால் என்னும் பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. முற்றிய இலையில் அவை குறைந்து நார் மிகுந்துவிடும். கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப்படப் பதமாக்கி, உலர்த்துவதே தொழிற்சாலையின் வேலை. இலையில் இல்லாத குணத்தை எந்த இயந்திரமும் உண்டாக்க இயலாது. 1930-களில் அஸ்ஸாமில் தோன்றி, இந்நாளில் பெரும்பாலான தேயிலையைக் குருணையாக்கும் சி.டி.சி. இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

மெல்லிய கொழுந்து மட்டும் பறித்தால் எடை குறையும், கூலி கூடும், ஆட்களோ கிடைப்பதில்லை என்று சிறு விவசாயிகள் கூறுவது பொய்யன்று. ஆனால் இதன் மறுபுறத்தையும் ஆலோசிக்க வேண்டும். பச்சைக் கொழுந்துக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலை, ஏலத்தின் சராசரியைப் பொறுத்தது. எனவே ஒருவர் கலக்கும் முற்றிய இலையின் நஷ்டம் அண்டைத் தோட்டத்தாரையும் சேர்கின்றது. கவனமாய்ப் பறிப்பவருக்கோ அதிக லாபம் கிட்டுவதில்லை. குறை விவசாயியிடம் மட்டுமன்று, எடையை மட்டும் பார்க்கும் ஏற்பாட்டிலும் உள்ளது.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. கொழுந்து விரைந்து வளரும் மாதங்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை பறித்தால் இலை முற்றுவதற்கு இடமில்லை. பல குடும்பங்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் கைகொடுத்தால் ஆள் பற்றாக்குறையும் ஓரளவு தீரும். இரண்டாவதாக, கொழுந்து சேகரிக்கும் இடத்திலேயே தரம் பிரித்து, நல்ல கொழுந்துக்கு அதிக விலை கொடுக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இதில் முன்னின்றால் மற்றவையும் பின்பற்றும். கிராமத் தலைவர்களும் அதிகாரிகளும் இதனை வற்புறுத்துதல் நலம்.

டார்ஜிலிங் தேயிலை 2004-ல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது. நீலகிரியின் ஆர்த்தோடாக்ஸ் தேயிலைக்கும் அத்தகைய குறியீடு உண்டு. பெயரைச் சட்டம் காக்கும். பெயருக்குரிய குணத்தைக் காப்பது ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு நாளும் பறிக்கப்படும் கொழுந்தேயாகும்.